பழைய டிஸ்க்கைக் கழற்றிய பிறகு

ஒரு கணினியின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு கணினியில் செருகி, அதிலுள்ள கோப்புகள் அத்தனையையும் புதிய டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். புகைப்படங்கள், கடிதங்கள், கடைக் கணக்கு, விண்டோஸ் என்ற பெயருள்ள ஃபோல்டர், அதற்குள் இருக்கும் பல்லாயிரம் சின்னக் கோப்புகள் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும். அந்தப் புதிய டிஸ்க்கை மட்டும் பழைய கணினியில் மாட்டி ஸ்விட்சைப் போட்டால், இயங்குதளத்தைக் காணவில்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கும். எல்லாம் உள்ளே இருக்கிறது. எழுந்திருக்கத்தான் தெரியவில்லை.

விடுபட்டது மிகச் சிறியது. பழைய பயாஸ் முறையில் இயங்கும் கணினிகளில் அது வெறும் 512 பைட், டிஸ்க்கின் முதல் செக்டர். 1983இல் ஐபிஎம் பிசிக்கான டாஸ் 2.0 பதிப்போடு வந்த ஏற்பாடு இது. எந்த ஃபோல்டரிலும் தென்படாது, எந்தக் கோப்பிலும் சேராது. முதல் 446 பைட்டில் ஒரு குட்டி நிரல், அடுத்த 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் முகவரிகள், கடைசி இரண்டு பைட்டில் ஓர் அடையாளக் குறி.

இந்த செக்டரை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்ப்பது நல்ல அனுபவம். இடப்பக்கம் இரண்டிரண்டு இலக்கங்களாக எண்கள் வரிசை கட்டி நிற்கும். வலப்பக்கம் புள்ளிகளும் புரியாத குறிகளும். அவற்றுக்கு நடுவே திடீரென்று மனிதர் படிக்கக்கூடிய மூன்று ஆங்கில வாக்கியங்கள் கண்ணில் படும். பார்ட்டிஷன் அட்டவணை செல்லாது, இயங்குதளத்தை ஏற்றுவதில் பிழை, இயங்குதளம் காணவில்லை என்பவைதான் அவை. எழ முடியாமல் போனால் என்ன சொல்லிவிட்டு நிற்க வேண்டும் என்பதையும் அந்த அரைக் கிலோபைட்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசி வரியின் கடைசியில் 55, ஏஏ. அந்த இரண்டு பைட் இல்லையென்றால் பல கணினிகள் அந்த டிஸ்க்கிலிருந்து எழவே முயலாது.

இப்போதைய கணினிகளில் யூஇஎஃப்ஐ முறை வந்துவிட்டது. அதில் எழுப்பிவிடும் நிரல் தனியாக ஒரு சின்ன பார்ட்டிஷனில் இருக்கிறது. விண்டோஸ் அதற்கு வழக்கமாக 100 எம்பி ஒதுக்கும், டிரைவ் எழுத்து எதுவும் தராமல் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருக்கும். அதோடு முடியவில்லை. எந்த டிஸ்க்கில், எந்த பார்ட்டிஷனில், எந்தக் கோப்பை எடுத்து எழ வேண்டும் என்ற குறிப்பு மதர்போர்டிலுள்ள நினைவகத்தில் இருக்கிறது. ஆக, கணினி எழுவதற்குத் தேவையான விஷயத்தில் ஒரு பகுதி டிஸ்க்குக்கு வெளியே இருக்கிறது. டிஸ்க்கை எவ்வளவு உண்மையாக நகலெடுத்தாலும் அந்தப் பகுதி நகலில் வராது. பிட்லாக்கர் போட்டுப் பூட்டிய டிஸ்க்கை வேறு கணினியில் செருகிப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு பிட் கூடக் குறையாமல் எல்லாம் இருந்தும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு திரை நிற்கும். வழக்கமாகப் பூட்டைத் திறந்துவிடும் சிப் பழைய கணினியின் மதர்போர்டில் இருக்கிறது.

இதனால்தான் கோப்பு கோப்பாக நகலெடுப்பதை விட்டுவிட்டு, டிஸ்க்கையே முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை அப்படியே இன்னொன்றில் இறக்கும் வழக்கம் வந்தது. குளோன் என்று இதைத்தான் சொல்கிறோம். யுனிக்ஸில் டிடி என்ற கட்டளை 1970களிலிருந்தே இதைச் செய்துவருகிறது. 2000களில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்களுக்கும் கல்லூரி ஆய்வகங்களில் வேலை பார்த்தவர்களுக்கும் கோஸ்ட் என்ற பெயர் மறந்திருக்காது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உருவான அந்த மென்பொருளை சிமான்டெக் 1998இல் வாங்கி, நார்ட்டன் பெயரோடு உலகமெங்கும் விற்றது. ஒரு கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, அதையே இருபது முப்பது கணினிகளில் இறக்கிவிடுவார்கள். இன்று அந்த வேலையை தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் பிறந்த குளோன்ஸில்லா இலவசமாகச் செய்துகொடுக்கிறது.

டிடி கட்டளைக்குத் தன் முன்னால் இருப்பது என்னவென்று தெரியாது. கல்யாணப் புகைப்படமும் அதற்கு ஒன்றுதான், வெற்றிடமும் ஒன்றுதான். நீங்கள் ஐந்து வருடத்துக்கு முன்பு அழித்துவிட்டதாக நினைத்த கடிதத்தின் மிச்சம் ஏதோ ஒரு மூலையில் மேலெழுதப்படாமல் கிடந்தால் அதையும் எடுத்துச் செல்லும். வைரஸ் இருந்தால் வைரஸும் போகும். குற்ற வழக்குகளில் கைப்பற்றிய டிஸ்க்கை இப்படி செக்டர் செக்டராக நகலெடுப்பதற்குக் காரணம் இதுதான். அழித்ததும் சாட்சி சொல்லும். அசலும் நகலும் ஒன்றே என்பதை உறுதிப்படுத்த ஹாஷ் எண் போடுவார்கள். இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு எண் ஒன்றாக வந்தால் உள்ளடக்கமும் ஒன்று என்று கொள்ளலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமும் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் இந்த எண்ணைக் கேட்கிறது. நீதிமன்றத்துக்கு அது போதும். ஏனென்றால் அங்கே கேள்வி, நகல் அசலைப் போல இருக்கிறதா என்பது. வீட்டிலும் கடையிலும் கேள்வி வேறு. அசல் இல்லாத நாளில் இந்த நகல் எழுந்து வேலை செய்யுமா? ஹாஷ் எண்ணுக்கு அதைச் சொல்லத் தெரியாது.

செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை நகலெடுப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் மரியாதை தோன்றும் இடம் அது. டிக், டிக் என்று ஹெட் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிய டிஸ்க்கில் டிடியை ஓட்டினால், படிக்க முடியாத முதல் செக்டரிலேயே அது நின்றுவிடும். நிற்காமல் ஓடச் சொன்னாலும் கெட்ட இடத்தில் போராடிப் போராடி, மிச்சமிருக்கும் உயிரையும் அங்கேயே செலவழித்துவிடும். அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதிய குனு டிடிரெஸ்க்யூ வேறு விதமாக வேலை செய்கிறது. முதல் சுற்றில் எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதை மட்டும் எடுக்கும். அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதை ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நல்லதெல்லாம் பத்திரமான பிறகுதான் திரும்பி வந்து கெட்ட பகுதிகளின் ஓரங்களைச் சுரண்டத் தொடங்கும். நடுவில் மின்சாரம் போனாலும் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். நேரம் குறைவாக இருக்கும்போது எந்த வரிசையில் காப்பாற்ற வேண்டும் என்று யோசித்து எழுதிய நிரல் அது. மரணப் படுக்கையில் இருப்பவரிடம் எதை முதலில் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும்.

நகல் முழுதாக முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல், நகல் அளவுக்கு மீறி உண்மையாக இருப்பதால் வருவது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும், ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் இயங்குதளம் ஓர் அடையாள எண் கொடுத்து வைத்திருக்கிறது. குளோன் செய்யும்போது அந்த எண்ணும் நகலாகிவிடுகிறது. ஒரே எண்ணோடு இரண்டு டிஸ்க் ஒரே கணினியில் இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ் வகை பார்ட்டிஷன் என்றால் இரண்டாவதை ஏற்றவே மறுக்கும். பிடிஆர்எஃப்எஸ் என்றால் நிலைமை மோசம், இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பித் தரவையே கெடுத்துவிடக்கூடும். சில சமயம் பிழைச் செய்தி எதுவுமே வராது. இரண்டில் எதையோ ஒன்றைக் கணினி எடுத்துக்கொள்ளும். புதிய டிஸ்க்கில் வேலை செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு பழையதிலேயே எழுதிக்கொண்டிருப்பார் அதன் உரிமையாளர்.

இந்தக் கடைசி நிலைதான் கட்டுரையின் விஷயத்துக்கு என்னைக் கொண்டுவந்தது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாடிக்கடை. பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றிக்கொள்வதற்காக ஒரு வங்கி ஊழியர் தன் கணினியோடு உட்கார்ந்திருந்தார். குளோன் முடிந்தது. கணினியை மீண்டும் எழுப்பினார்கள். முன்பு சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டது இப்போது நொடிகளில் வந்து நின்றது. அவர் முகம் மலர்ந்து பணத்தை எடுத்தார். கடைப்பையன் வாங்கவில்லை.

“இருங்க சார். பழசைக் கழட்டிட்டு ஒரு தடவ பாத்துரலாம்.”

“அதான் வந்துடுச்சேப்பா?”

“ரெண்டும் மாட்டிருக்கும்போது வந்தா கணக்குல சேராது சார்.”

கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் உருவினான். ஸ்விட்சைப் போட்டான். திரையின் மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது. வேறு எதுவும் வரவில்லை.

அவனுக்கு ஆச்சரியமே இல்லை. எழுப்பிவிடும் பார்ட்டிஷன் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது, சி டிரைவ் மட்டும் புதியதற்குப் போயிருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்தவரை பழையது கையைப் பிடித்துத் தூக்கிவிட, புதியது எழுந்து நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புதியது தானாக எழுந்ததாகத்தான் தோன்றும். கொஞ்ச நேரத்தில் அவன் அதைச் சரி செய்தும் கொடுத்தான். அவன் சரிபார்க்காமல் விட்டிருந்தால் அந்த வங்கி ஊழியர் வேகமான கணினியோடு மாதக்கணக்கில் சந்தோஷமாக இருந்திருப்பார். பழைய டிஸ்க் உள்ளேயே ஒரு மூலையில் சுழன்றுகொண்டிருந்திருக்கும். ஒருநாள் அது ஓய்ந்துபோகும்போது, புத்தம் புதியதும் அதோடு சேர்ந்து எழாமல் போயிருக்கும். பழுது எங்கே என்றே அவருக்கு விளங்கியிருக்காது.

பெரிய நிறுவனங்களிலும் இதேதான் நடக்கிறது. நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அந்த நிறுவனமே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டிருக்கிறது. அங்கே தரவுத்தள சர்வர் ஒன்று, அதன் நகலாக இன்னொன்று. நகல் பின்தங்கிப் போனதால், அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைத்தார் ஒரு பொறியாளர். இரண்டின் பெயருக்கும் ஓர் எண்தான் வித்தியாசம். துடைத்தது அசலை. ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டும் மிஞ்சியிருந்தது.

அவர்களிடம் காப்பு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. தினமும் தரவை நகலெடுத்து அமேசான் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. தரவுத்தளத்தின் பதிப்பு ஒன்று, நகலெடுக்கும் நிரலின் பதிப்பு வேறு என்பதால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, சேமிப்பகம் காலி. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கிளம்பியிருக்கின்றன, அவற்றை வாங்க வேண்டிய மின்னஞ்சல் சர்வர் நிராகரித்திருக்கிறது. ஸ்னாப்ஷாட் என்ற வேறொரு வகைக் காப்பு தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன்பு அதே பொறியாளர் கையால் எடுத்த ஒரு நகல். சோதனை சர்வரில் ஏற்றி, நிஜத் தரவோடு அதை ஓட்டிப் பார்ப்பதற்காக எடுத்தது அது. காப்பு என்ற பெயரில் வைத்திருந்தவை கைவிட்டன. வேறோர் இயந்திரத்தில், அசலின் துணை இல்லாமல் ஓட விடப்பட்ட நகல் கைகொடுத்தது. தற்செயல் என்று அதைச் சொல்லலாம். ஆனால் உண்மையில் எழுந்து நின்ற நகல் அது ஒன்றுதான் என்பதை எப்படி மறப்பது?

கிராமத்தில் எங்கள் உறவினர் ஒருவர் கிணற்று மோட்டார் விவகாரம் முழுவதையும் மகனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டதாகச் சொல்வார். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், ஃபியூஸ் போனால் என்ன கம்பி, மும்முனை மின்சாரம் வரும் நேரம் எல்லாம் அவனுக்குத் தெரியும். அவர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தபோது மோட்டார் எடுக்கவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் அவர் பச்சைப் பொத்தானை அழுத்துவார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை, ஏனென்றால் அப்படித் தட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. மகனும் கேட்டதில்லை, அப்பா பக்கத்தில் இருந்தவரை மோட்டார் எடுக்காமல் இருந்ததே இல்லை. சொல்லிக்கொடுத்ததெல்லாம் கோப்புகள். அந்தத் தட்டுதான் முதல் செக்டர்.

ஒப்படைத்துவிட்டோம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. பணி ஓய்வு பெறும் அலுவலர் கோப்புகளின் பட்டியலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார். கடை முதலாளி கல்லாச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, தானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். அவர் அங்கே இருப்பது அன்பினால்தான். ஆனால் அவர் அங்கே இருக்கும்வரை, மகள் கடையை நடத்துகிறாளா, அவர் இருப்பதால் கடை நடக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அவராலும் முடியாது, அவளாலும் முடியாது. எதைக் கொடுக்கவில்லை என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கொடுத்தவர் எழுந்து போன பிறகு, வேலை நின்றுபோகும் இடத்தில்தான் அது தெரியவரும்.

எப்படியும் அவர் ஒருநாள் எழுந்து போகத்தான் போகிறார். அது எந்த நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் நல்லபடியாக இருக்கும்போது விலகினால், மோட்டார் எடுக்காத அன்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். அவருக்கும் அப்போதுதான், அட, நான் தட்டுவேனே என்று உறைக்கும். அவர் இல்லாமல் போன பிறகு அதே கேள்வி வந்தால் யாரைக் கேட்பது? அன்று அந்தக் கடையில் எழாமல் நின்ற கணினியை அவ்வளவு எளிதாகச் சரி செய்ய முடிந்ததற்கு அந்தப் பையனின் திறமை ஒரு காரணம். பழைய டிஸ்க் மேசை மேல் உயிரோடு இருந்தது அதைவிடப் பெரிய காரணம். விடுபட்டதை அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. பழையதைக் கழற்றிப் பார்ப்பது அதற்கு நாம் செய்யும் அவமரியாதை என்று பலருக்குத் தோன்றுகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. பழையது நன்றாக இருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய சோதனை அது. அதனிடம் இன்னும் கேட்டுப் பெற வேண்டியது இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதும் அதில் அடக்கம். கழற்றவே மாட்டேன் என்று பிடித்து வைத்திருப்பவர்தான், அதனிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே அதை இழக்கிறார்.

ஆகவே டிஸ்க் மாற்றுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளோன் முடிந்தது என்று திரை சொன்னதும் கணினியை அணைத்துவிட்டுப் பழையதைக் கழற்றுங்கள். புதியதை மட்டும் வைத்து எழுப்புங்கள். எழாவிட்டால் பழையதிலிருந்து விடுபட்டதை எடுத்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. எழுந்துவிட்டால், பழையதன் மேல் தேதி எழுதி ஒட்டி, உறையில் போட்டுத் தனியாக வையுங்கள். சில வாரங்கள் புதியதை மட்டும் வைத்து வேலை செய்து பாருங்கள். பிரிண்டர், கணக்கு மென்பொருள், வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் வரிக் கோப்பு வரை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் பழையதை அழித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாம் தெரிந்த ஒருவர் இருந்தால், இந்த மாதமே அவரைப் பத்து நாள் வெளியூர் அனுப்பிவையுங்கள். அந்தப் பத்து நாளில் நின்றுபோனவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து, அவர் திரும்பி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.